அயர்லாந்தின் புனிதக் கிணறுகள்: நோயை எங்கே இறக்கி வைக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: அயர்லாந்தில் சில கிணறுகளில் கண்ணைக் கழுவினால் கண்நோய் தீரும், பக்கத்து மரத்தில் துணி கட்டினால் வியாதி போகும் என்கிறார்களே, அந்தத் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது? இது கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய வழிபாட்டின் மிச்சமா?

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். கேட்பவர்கள் எல்லாரும் கந்தகமா, இரும்பா, வேறு தாது ஏதாவதா என்று அங்கேதான் தேடுகிறார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தண்ணீரை மட்டும் குடித்தால் குணமாகும் என்று பொதுவாகச் சொன்னதே இல்லை. வழியில் போகிறவன் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தால் அவனுக்குத் தாகம் தீரும், அவ்வளவுதான். குணம் வேண்டுமென்றால் இன்ன நாளில் வரவேண்டும், இன்ன பக்கமாகச் சுற்றவேண்டும், இத்தனை முறை சுற்றவேண்டும், போகும்போது எதையாவது விட்டுவிட்டுப் போகவேண்டும். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். நோய் என்பது உடம்பில் ஏறிக்கொண்ட ஒரு சுமை, அதை எங்காவது இறக்கி வைக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. இறக்கி வைக்கும் இடம் கிணறு.

கிணறு என்றதும் நம் மனத்தில் உறை, ராட்டினம், கயிறு எல்லாம் வந்துவிடும். அதை அழித்துவிடுங்கள். ஐரிஷ் மொழியில் ‘தோபர்’ என்பார்கள். பெரும்பாலும் அது ஒரு ஊற்று, நம் சொல்லில் சுனை. வயலோரத்திலோ மலையடிவாரத்திலோ, சுற்றிலும் கல் அடுக்கி, மண்டியிட்டால் கைக்கு எட்டுகிற ஆழத்தில் இருக்கும். மாடு மிதிக்காமல் இருக்கச் சின்னச் சுவர், சில இடங்களில் மேலே கல் மூடி. கிட்டத்தட்ட 3,000 புனிதக் கிணறுகள் இருப்பதாக வழக்கமாகச் சொல்வார்கள். டபர்கரி, பாலின்டபர் என்று ஊர்ப் பெயர்களிலேயே இந்தத் ‘தோபர்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு புனிதர் உண்டு. பிரிஜிட், பேட்ரிக், கொலம்பா போன்ற பெரிய பெயர்களும் உண்டு, அந்த ஒரு வட்டாரத்தைத் தாண்டினால் யாருக்கும் தெரியாத பெயர்களும் உண்டு. அந்தப் புனிதரின் திருநாளில் ஊர் கூடும். அதற்கு ‘பேட்டர்ன்’ என்று பெயர். கோலம், வடிவம் என்ற பொருளில் இல்லை, பாதுகாவலர் என்ற பொருள்படும் ‘பேட்ரன்’ திரிந்து அப்படி ஆனது.

சரி, போனால் என்ன செய்வார்கள்? வந்தவர் முதலில் தரையில் கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொள்வார். ஏழு சுற்று என்றால் ஏழு கல், ஒன்பது என்றால் ஒன்பது. கிணற்றையோ, பக்கத்தில் இருக்கும் கல் குவியலையோ வலம் வருவார். சூரியன் போகும் திசையில்தான் சுற்றவேண்டும், அதற்கு ‘தெஷல்’ என்று சொல். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லைப் போட்டுவிடுவார். வாயில் பரலோக மந்திரமும் அருள் நிறைந்த மரியே ஜெபமும் ஓடிக்கொண்டிருப்பதால் எண்ணிக்கையைக் கல் பார்த்துக்கொள்ளும். இடப்பக்கமாகச் சுற்றினால்? அது சாபம். சில புனிதத் தலங்களில் சாபம் போடுவதற்கென்றே உருண்டைக் கற்கள் இருந்தன, அவற்றை எதிர்த்திசையில் திருப்புவார்கள். குணப்படுத்தும் இடமும் கெடுதல் செய்யும் இடமும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததைச் சுற்றுலாக் கையேடுகள் பெரிதாகச் சொல்வதில்லை.

சுற்றி முடித்ததும் தண்ணீர். பரிசுத்த தமதிரித்துவத்தின் (தந்தை, மகன், பரிசுத்த ஆவி) பெயரால் மூன்று மிடறு குடிப்பார்கள், நோவு உள்ள இடத்தில் தடவுவார்கள். டொனிகால் மாவட்டத்தின் டூன் கிணற்றில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஜெபம் சொல்லவேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போகும் தண்ணீருக்குப் பாட்டில் ஒன்றுக்கு இவ்வளவு ஜெபம் என்று தனிக் கணக்கு வேறு! அந்தக் கிணற்றின் கதை எனக்குப் பிடித்தமானது. அந்தப் பக்கம் லெக்டர் ஓஃபிரீல் என்று நோய் தீர்க்கும் வரம் பெற்ற ஒருவர் இருந்தாராம். அவர் சாகப்போகிறார் என்றதும், இனி எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று சனங்கள் அழுதார்களாம். அவர் இந்த ஊற்றை ஆசீர்வதித்து, நான் செய்ததை இனி இது செய்யும் என்று விட்டுப் போனாராம். அங்கே போகிறவர்கள் அவருக்கும் சேர்த்தே ஜெபம் சொல்கிறார்கள்.

இப்போது துணிக்கு வருகிறேன். கிணற்றை ஒட்டி ஹாதார்ன் என்னும் முள்மரமோ, ஆஷ் மரமோ நிற்கும். நோயாளியின் உடுப்பிலிருந்து, அதிலும் நோவு பட்ட இடத்தில் பட்ட துணியிலிருந்து, ஒரு கீற்றுக் கிழிப்பார்கள். அதைத் தண்ணீரில் நனைத்து, நோவு உள்ள இடத்தில் ஒற்றி, மரக்கிளையில் கட்டுவார்கள். மழையிலும் காற்றிலும் அந்தத் துணி இற்றுப்போகப் போக வியாதியும் இற்றுப்போகும். துணி இங்கே காணிக்கை இல்லை, அலங்காரமும் இல்லை. வியாதி அந்தத் துணியில்தான் இருக்கிறது. அதனால்தான் இன்னொரு விதியும் உண்டு: அடுத்தவர் கட்டிய துணியை அவிழ்க்கக் கூடாது, அடுத்தவர் போட்ட காசையோ குண்டூசியையோ எடுக்கக் கூடாது. எடுத்தால் அவருடைய நோய் உங்களுக்கு வந்துவிடும். காவலுக்கு ஆள் போடாமலே காசைப் பத்திரமாக வைத்திருக்க இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

துணி வேறு மாதிரியும் வேலை செய்யும். கார்க் மாவட்டத்தில் பாலிவூர்னி என்ற ஊர். அங்கே புனிதர் கோப்னட் என்ற பெண் துறவிக்கு பிப்ரவரி 11-ஆம் தேதி திருநாள். ஒன்பது வெள்ளை மான்களை எங்கே காண்கிறாயோ அங்கே தங்கு என்று ஒரு தேவதூதர் அவருக்குச் சொன்னதாகவும், அந்த ஒன்பதை அவர் கண்ட இடம் பாலிவூர்னி என்றும் கதை. மாட்டைத் திருட வந்தவர்கள் மேல் தேனீக்களை ஏவி விரட்டியவர் என்பதால் தேனீ வளர்ப்பவர்களுக்கும் அவர்தான் பாதுகாவலர். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அவருடைய சின்ன மரச் சிலை ஒன்று அந்த ஊர்த் திருச்சபையிடம் இருக்கிறது. திருநாளன்று அதை வெளியே எடுத்து வைப்பார்கள். மக்கள் கையில் ரிப்பன் சுருளோடு வரிசையில் வருவார்கள். சிலையின் தலை முதல் கால் வரை ரிப்பனை வைத்து அளப்பார்கள், பிறகு சிலையைச் சுற்றி ஒரு முறை. அளந்த ரிப்பனுக்கு ‘கோப்னட்டின் அளவு’ என்று பெயர். அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, யாருக்காவது தொண்டை கட்டினால் கழுத்தில் சுற்றுவார்கள், மாடு சுகமில்லாமல் இருந்தால் அதற்கும் கட்டுவார்கள். முள்மரத்துத் துணி நோயை வெளியே கொண்டுபோகிறது, இந்த ரிப்பன் புனிதரின் சக்தியை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. ஜனவரி 31 இரவு வீட்டு வாசலில் ஒரு துணியைப் போட்டு வைத்து, அதைப் பிரிஜிட் தொட்டுவிட்டுப் போவார் என்று நம்பி, ஆண்டு முழுக்கத் தலைவலிக்குக் கட்டிக்கொள்வதும் இந்த இரண்டாவது வகைதான்.

கிணறுகளுக்குள் தொழில் பங்கீடும் உண்டு. ஒன்று பல்வலிக்கு, ஒன்று தலைவலிக்கு, ஒன்று முதுகுவலிக்கு, ஒன்று குழந்தைகளின் கக்குவானுக்கு. மருவுக்குப் பெரும்பாலும் கிணறுகூட வேண்டாம், பாறையில் குழிந்த பள்ளத்தில் நிற்கும் மழைத்தண்ணீர் போதும். பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். இவற்றில் பலவும் வந்து வந்து போகிற உபாதைகள், தானாகவும் அடங்கக்கூடியவை. மரு பல பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே உதிர்ந்துவிடும். எலும்பு முறிந்தவனை யாரும் கிணற்றோடு விட்டுவிடவில்லை, எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். நாட்டுப்புற மக்களுக்கு எது எதற்கு என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

கண் மட்டும் தனிக்கதை. எந்த மாவட்டத்துக்குப் போனாலும் ‘கண் கிணறு’ ஒன்று இருக்கும். ஏன் இவ்வளவு? பழைய ஏழைக் குடிசைகளை நினைத்துப் பாருங்கள். புகைபோக்கி ஒழுங்காக இல்லாத ஒரே அறை, நடுவில் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டியை (பீட்) எரித்து நாள் முழுக்கப் புகையும் அடுப்பு. அதன் மேல் 1840-களின் கடைசியில் பெரும் பஞ்சம். பஞ்சத்தில் ஏழைகளை அடைத்த விடுதிகளில் கண்நோய் கொள்ளையாகப் பரவியது, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பார்வை கெட்டது. அந்தக் காலத்தில் டப்ளினில் கண், காது மருத்துவத்தில் பெயர் பெற்றவர் வில்லியம் வைல்ட். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் அப்பா. 1844-இல் கண், காது நோய்களுக்கென்றே அங்கே மருத்துவமனை தொடங்கியவர். இதே மனிதர்தான் கிராமத்து நம்பிக்கைகளையும் பழம்பொருள்களையும் தேடித்தேடிச் சேகரித்தார். அவருக்கு இரண்டும் வேறு வேறு வேலையாகத் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். புகையில் எரிந்து பீளை கட்டிய கண்ணைக் குளிர்ந்த ஊற்றுத் தண்ணீரில் நாள்தோறும் கழுவினால் கொஞ்சம் ஆறுதல் கிடைத்திருக்கும். அந்த அளவுக்குத் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

தாது என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டும் இடம் கெர்ரி மாவட்டத்தில் டிங்கிள் தீபகற்பத்தில் இருக்கிறது. அதன் ஐரிஷ் பெயர் Gleann na nGealt, ‘பித்தர்களின் பள்ளத்தாக்கு’ என்று பொருள். போரில் மதி கலங்கியவர்களும், மனம் பேதலித்துத் திரிந்தவர்களும் இங்கே வந்து, ஊற்றுத் தண்ணீரைக் குடித்து, அதன் ஓரத்தில் முளைக்கும் காரமான நீர்க்கீரையைத் தின்று தெளிந்தார்கள் என்பது வழக்கு. பிற்பாடு தண்ணீரைச் சோதித்தபோது லித்தியம் இருப்பது தெரிந்தது. லித்தியம் மனநோய்க்குத் தரும் மருந்து ஆயிற்றே! அப்புறம் கேட்க வேண்டுமா, பத்திரிகைகள் கொண்டாடிவிட்டன. எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மருத்துவர் தரும் மாத்திரையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் போகும். ஊற்றில் இருப்பது அதன் பக்கத்தில்கூட வராத அளவு, ஒரு செம்பு குடித்து அந்த அளவை எட்டவே முடியாது. அங்கே தெளிந்தவர்கள் உண்மையிலேயே இருந்திருந்தால், தண்ணீரைவிட அந்தப் பள்ளத்தாக்கின் அமைதிக்கும், பைத்தியம் என்று விரட்டாமல் இருக்கவிட்ட ஊர்க்காரர்களுக்கும்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கிணற்றுக்கு ரோஷமும் உண்டு. அழுக்குத் துணி துவைத்தாலோ, மாட்டுக்கு மருந்து கலக்கினாலோ கிணறு கோபித்துக்கொண்டு இடம் மாறிவிடும். இரவோடு இரவாகச் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, பழைய இடம் வறண்டு கிடந்தது என்று ஊர் ஊராகக் கதை இருக்கிறது. புனிதக் கிணற்றுத் தண்ணீரை எவ்வளவு எரித்தாலும் கொதிக்காது என்பார்கள். உள்ளே ஒரு மீன் இருக்கும், அநேகமாக ட்ரௌட், சில இடத்தில் விலாங்கு. அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் கேட்டது நடக்கும். பார்த்தவர்கள் குறைவு என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது பண்ணையார் கதை. கண் தெரியாத தன் குதிரையைக் கொண்டுவந்து கிணற்றில் கழுவுகிறார் ஒரு பண்ணையார். குதிரைக்குப் பார்வை வந்துவிடுகிறது, பண்ணையாருக்குப் போய்விடுகிறது. பல மாவட்டங்களில் பல பண்ணையார்கள் பெயரில் இந்தக் கதை உலவுகிறது. நோய் அழிவதில்லை, இடம் மாறுகிறது என்று முன்னே சொன்ன கணக்கு இங்கேயும் அப்படியே நிற்கிறது. குத்தகைக்காரர்களுக்கு அந்தக் கதையைச் சொல்வதில் எவ்வளவு திருப்தி இருந்திருக்கும்!

கிறிஸ்தவத்துக்கு முந்தையதா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இணையத்தில் தேடினால் ஐயாயிரம் ஆண்டுப் பழமை, கெல்டிக் தெய்வம் என்று அடித்துச் சொல்லும் பக்கங்கள் நிறைய. பாதியை ஒப்புக்கொள்ளலாம். பழைய ஐரிஷ் அகராதி ஒன்று பிரிஜிட் என்ற தெய்வத்தைப் பற்றிச் சொல்கிறது. புலவர்கள் வணங்கிய தெய்வம், அவளுக்கு அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி வைத்தியம் பார்ப்பவள், ஒருத்தி கொல்லுத் தொழிலுக்கு உரியவள் என்று. புனிதர் பிரிஜிட்டின் திருநாளான பிப்ரவரி 1, பழைய நாட்காட்டியில் வசந்தம் தொடங்கும் நாளும்கூட. ஜூலை கடைசி ஞாயிறு கூடும் பல பேட்டர்ன்கள், லூநசா என்ற அறுவடைத் தொடக்க விழாவை ஒட்டி வருகின்றன. ஆனால் ‘இந்தக் கிணற்றில் கிறிஸ்தவத்துக்கு முன்பிருந்தே தொடர்ச்சியாக வழிபாடு நடந்தது’ என்று மண்ணைத் தோண்டிக் காட்டக்கூடிய இடங்கள் மிகக் குறைவு.

இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு மறுபாதிக் காரணம் அண்மைக் காலம். 16-ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்டுகள் பிரிந்த மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பழைய கோவில்கள் கத்தோலிக்கர்கள் கையை விட்டுப் போயின. பூசையும் ஜெபமும் வெட்டவெளிக்கு வந்தன. ஸ்லைகோ பக்கம் டோபர்னால்ட் கிணற்றுக்குப் போனால், மரங்களுக்கு நடுவே ஊற்றுக்குப் பக்கத்திலேயே மறைவாகப் பூசை வைத்த பாறையைப் பார்க்கலாம். அங்கே இன்றும் ஜூலை கடைசி ஞாயிறு கூட்டம்தான். 1704-இல் ஒரு சட்டம் வந்தது: கிணறுகளுக்கு யாத்திரை போய்க் கூடினால் 10 ஷில்லிங் அபராதம், கட்ட முடியாவிட்டால் பொது இடத்தில் சவுக்கடி. கூட்டத்தில் கடை போட்டு விற்பவர்களுக்கு 20 ஷில்லிங். சட்டத்தால் ஒழிக்க முடியவில்லை. அதைவிட அதிகமாகச் செய்தது சொந்தப் பாதிரியார்கள்தான். காலையில் ஜெபம், மாலையில் சாராயக் கூடாரம், இரவில் இரண்டு கோஷ்டி கம்பெடுத்து மண்டையை உடைத்துக்கொள்வது என்றுதான் பல பேட்டர்ன்கள் முடிந்தன. 19-ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார்கள். பஞ்சம் வந்து, அந்தக் கதைகளைச் சுமந்த ஏழைக் குடும்பங்கள் செத்தும் கப்பலேறியும் போனதில் மீதியும் ஓய்ந்தது.

இவ்வளவு விவரம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்றால், பள்ளிக்கூடப் பிள்ளைகளால். 1937 முதல் 1939 வரை, அயர்லாந்தின் 26 மாவட்டங்களில் சுமார் 5,000 பள்ளிகளில் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். கொடுத்த தலைப்புகளில் ‘புனிதக் கிணறு’ ஒன்று. 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். எங்கள் தாத்தா வயலில் ஒரு கிணறு இருக்கிறது, இன்ன நாளில் சுற்றவேண்டும், இன்ன கிழவி பல்வலி போய்த் திரும்பினாள் என்று பென்சில் பிடித்த கையால் எழுதிய பக்கங்களை ‘தூஹஸ்’ (duchas.ie) என்ற இணையதளத்தில் இன்று யாரும் படிக்கலாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளை விட்டுவிட்டு அங்கே போங்கள் என்பேன்.

இப்போது நம்புகிறார்களா? கிளேர் மாவட்டத்தில் மோஹர் செங்குத்துப் பாறைகளுக்குப் பக்கத்தில், லிஸ்கானர் அருகே பிரிஜிட் கிணறு இருக்கிறது. ஊற்றுக்குப் போகும் வழி ஒரு குறுகலான கல் நடை. இரண்டு பக்கச் சுவரும் தெரியாத அளவுக்கு ஜெபமாலை, சுரூபங்கள், இறந்தவர்களின் படம் போட்ட நினைவு அட்டை, கையெழுத்துச் சீட்டுகள். ஈரத்தில் மை கரைந்து, ஒரு வரி வாசிக்க முடியும், அடுத்த வரி முடியாது. யாரோ நேற்று வைத்த பூங்கொத்தும் அதில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதை விட்டுவிட்டவர்கள்கூட ஸ்கேன் ரிசல்ட் வருவதற்கு முதல் நாள் இங்கே வந்து நிற்பார்கள். 2023 முதல் பிரிஜிட் திருநாளையொட்டி நாடு முழுவதும் அரசு விடுமுறை.

ஆனால் மரங்கள் பாடு திண்டாட்டம். லீஷ் மாவட்டத்தில் க்ளோனினா என்ற இடத்தில் புனிதர் ஃபின்டன் மரம் ஒன்று இருந்தது. அதன் கவட்டையில் தேங்கும் தண்ணீரில் குணம் உண்டு என்று வந்தவர்கள் மரத்திலேயே காசுகளை அடித்து இறக்கினார்கள். தலைமுறை தலைமுறையாக இறங்கிய உலோகத்தில் மரம் நலிந்து 1994-இல் சாய்ந்துவிட்டது. முள்மரங்களில் இப்போது தொங்குவது பாலியெஸ்டர் ரிப்பன், நைலான் சாக்ஸ், பிளாஸ்டிக் பொம்மை. எதுவும் இற்றுப்போகாது. துணி இற்றால் நோயும் இறும் என்பதுதான் விதி, அப்படியானால் நைலானில் கட்டியவர் நோய் என்ன ஆகும்? பழைய ஆட்களிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

போகிற எண்ணம் இருந்தால் சில வார்த்தைகள். தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஆழமில்லாத ஊற்று, சுற்றிலும் மாடு மேயும் வயல், பல இடங்களில் குடிக்கத் தகாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள், கையில் முகத்தில் தொட்டுக்கொண்டால் போதும். வயல் தனியார் வயலாக இருக்கும், கதவைத் திறந்தால் மறக்காமல் சாத்துங்கள். வலப்பக்கமாகச் சுற்றுங்கள். கட்டியே ஆகவேண்டும் என்றால் ஒரு விரல் அகலத்துக்குப் பருத்தித் துணி, கிளையை இறுக்காமல் தளர்வாக. அங்கே கிடக்கும் எதையும், ஒரு பைசாவைக்கூட, எடுத்துக்கொண்டு வராதீர்கள். நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேறொருவர் இறக்கி வைத்தது.